இரண்டு காதுகளும் எட்டுத் திசைகளும்: ஹெட்போனுக்குள் சூழொலி வந்த கதை

மனிதனுக்கு இருப்பவை இரண்டே காதுகள். ஆனால் முன்னால் வருவதையும், பின்னால் வருவதையும், தலைக்கு மேலே பறப்பதையும் அந்த இரண்டு காதுகளைக் கொண்டே நாம் பிரித்தறிந்து கொள்கிறோம். இந்த எளிய உண்மையைப் பொறியியலாளர்கள் விளங்கிக்கொண்டு, ஒரு கருவிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றது. இன்று வீடியோ விளையாட்டுக்கென ஹெட்போன் வாங்கச் செல்லும் ஒருவரை "5.1", "7.1", "முப்பரிமாண ஒலி" என்று அட்டைப்பெட்டிகளில் அச்சிடப்பட்ட எண்களும் சொற்களும் வரவேற்கின்றன. அவற்றின் பின்னாலுள்ள வரலாறு தெரிந்தால், எதற்குப் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்பது தானாகவே தெளிவாகும்.

நான் பொறியியலாளன் அல்லன்; கலைப்பட்டதாரி. ஆயினும், நேர்காணல் ஒலிநாடாக்களை ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டு எழுத்தில் வடிப்பதில் என் தொழில் வாழ்வின் கணிசமான பகுதி கழிந்திருக்கிறது. காதில் மாட்டும் இந்தக் கருவியின் பூர்வீகத்தைத் தேடிப் படிக்கும் ஆர்வம் அவ்வாறு வந்ததுதான்.

கதை 1881 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ஆரம்பிக்கிறது. அங்கு நடைபெற்ற சர்வதேச மின்சாரக் கண்காட்சியில், கிளெமென்ட் ஆதேர் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர், பாரிஸ் ஒப்பெரா அரங்கின் மேடையில் ஒலிவாங்கிகளைப் பொருத்தி, அங்கு பாடப்படுவதைத் தொலைபேசிக் கம்பிகள் வழியாகக் கண்காட்சி மண்டபத்துக்குக் கொண்டுவந்தார். பார்வையாளர்கள் இரண்டு செவிப்பான்களை எடுத்து, இரண்டு காதுகளிலும் வைத்துக் கேட்டார்கள். மேடையின் இடப்பக்கத்து ஒலி ஒரு காதிலும் வலப்பக்கத்து ஒலி மறு காதிலும் ஒலித்தது. பாடகர் மேடையில் நகர்வதைக் கண்ணால் காணாமலே அவர்களால் உணர முடிந்தது. இருசெவி ஒலியின் முதலாவது பொது அரங்கேற்றம் அதுவே.

அது ஏன் அவ்வாறு கேட்கிறது என்பதற்கான விளக்கத்தைப் பிரித்தானிய விஞ்ஞானி ரேலி பிரபு 1907 இல் முன்வைத்தார். வலப்பக்கத்திலிருந்து வரும் ஒலி வலது காதை முதலில் அடைகிறது. இடது காதை அடைய அதற்குச் சற்றுத் தாமதமாகிறது. அந்தத் தாமதம் மிகக் கூடியதாக ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. எனினும் மூளை அதனைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. தாழ்ந்த சுருதி ஒலிகளுக்கு இந்த நேர வேறுபாடும், உயர்ந்த சுருதி ஒலிகளுக்குத் தலை மறைப்பதனால் உண்டாகும் வலிமை வேறுபாடும் திசையைக் காட்டிக்கொடுக்கின்றன.

ஆனால் இந்த விளக்கம் போதுமானதாக இருக்கவில்லை. நேர் முன்னாலிருந்து வரும் ஒலியும் நேர் பின்னாலிருந்து வரும் ஒலியும் இரண்டு காதுகளையும் ஒரே நேரத்தில், ஒரே வலிமையுடன்தான் அடைகின்றன. அப்படியாயின் முன் எது, பின் எது என எப்படி அறிகிறோம்? இங்குதான் காது மடலுக்கு வேலை வருகிறது. மடலின் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு திசையிலிருந்தும் வரும் ஒலியை வெவ்வேறு விதமாக மாற்றியே உள்ளே அனுப்புகின்றன. தலை, தோள், காது மடல் ஆகியவை சேர்ந்து ஒலியில் ஏற்படுத்தும் இந்த மாற்றத்தை அளந்து எழுதினால் கிடைக்கும் கணிதத் தொகுப்பையே ஆங்கிலத்தில் சுருக்கமாக எச்ஆர்டிஎஃப் என்கிறார்கள். ஒவ்வொருவருடைய காது மடலும் வேறுபட்டது என்பதால் இத்தொகுப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

எங்கள் தலைமுறையினருக்கு இதில் அதிகம் விளக்கம் தேவைப்படாது. ஹெலிகொப்டர் எந்தத் திசையில் வருகிறது, ஷெல் எங்கிருந்து ஏவப்படுகிறது என்பதைக் காதால் மட்டும் கணித்துப் பதுங்குகுழிக்குள் இறங்கியவர்கள் நாங்கள். ஐயம் வந்தால் தலையைச் சற்றுத் திருப்பிக் கேட்போம். தலை திரும்பும்போது இரு காதுகளுக்குமிடையிலான வேறுபாடு மாறுகிறது. முன், பின் என்ற குழப்பம் தீர்கிறது. அன்று உயிர் காத்த அந்தப் புலனைத்தான் இன்று விளையாட்டுத் தொழிற்றுறை பண்டமாக்கி விற்கிறது. அதனைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு அது வெறும் விளையாட்டாக மட்டும் தோன்றுவதில்லை.

இனிக் கருவியின் வரலாற்றுக்கு வருவோம். ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நதானியேல் போல்ட்வின், 1910 இல் தமது வீட்டுச் சமையலறையில் தயாரித்த ஹெட்போன்களை அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். பிரித்தானியாவின் இஎம்ஐ நிறுவனத்தில் பணியாற்றிய அலன் புளூம்லைன், இன்று நாம் ஸ்டீரியோ என்றழைக்கும் முறைக்கான காப்புரிமைக்கு 1931 இல் விண்ணப்பித்தார். எனினும் அவ்விரண்டும் ஒரே பொருளில் சந்திக்க மேலும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது. மில்வோக்கி நகரைச் சேர்ந்த ஜோன் கொஸ் 1958 இல் ஸ்டீரியோ ஹெட்போனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1973 இல் ஜேர்மனியின் நொய்மன் நிறுவனம், காதுகளில் ஒலிவாங்கிகள் பொருத்திய செயற்கைத் தலையொன்றை அறிமுகப்படுத்தியது. அதில் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்பவர், தாமே அந்த இடத்தில் இருப்பதுபோல உணர்வார்.

ஆனால் பதிவு செய்யப்பட்ட ஒலி மாறாதது. விளையாட்டிலோ ஆடுபவர் எப்பக்கம் திரும்புவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஒலியின் திசையை அந்தக் கணத்திலேயே கணித்தாக வேண்டும். எண்பதுகளின் பிற்பகுதியில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்காக எலிசபெத் வென்செல், ஸ்கொட் ஃபொஸ்டர் ஆகியோரின் முயற்சியில் உருவான கொன்வொல்வோட்ரோன் என்ற கருவி இதைச் செய்து காட்டியது. ஃபொஸ்டரின் கிரிஸ்டல் ரிவர் நிறுவனத்தை 1996 இல் ஓரியல் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. விண்வெளி ஆய்வுக்கூடத்தில் பிறந்த அறிவு, ஏ3டி என்ற பெயரில் வீட்டுக் கணனியின் ஒலி அட்டைக்குள் குடியேறியது. சாதாரண ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பின்னால் வருபவனின் காலடியைக் கேட்க முடிந்தது. 1998 இல் வெளிவந்த அதன் இரண்டாம் பதிப்பு, சுவர்களில் ஒலி பட்டுத் தெறிப்பதையும் கணித்தது.

அப்போது ஒலி அட்டைச் சந்தையை ஆண்டுகொண்டிருந்தது சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம். சிம் வோங் ஹூ 1981 இல் ஆரம்பித்த அந்நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர், 1989 முதல் கணனிக்குக் குரல் கொடுத்தது. 1998 இல் கிரியேட்டிவ், காப்புரிமை மீறல் என ஓரியல் மீது வழக்குத் தொடுத்தது. 1999 டிசெம்பரில் தீர்ப்பு ஓரியலுக்குச் சாதகமாக வந்தது. ஆயினும் வழக்குச் செலவு அந்நிறுவனத்தை உறிஞ்சி முடித்திருந்தது. சில மாதங்களில் அது வங்குரோத்து நிலையை அடைந்தது. 2000 செப்டெம்பரில் அதன் சொத்துகளை 32 மில்லியன் டொலருக்கு வாங்கியது வேறு யாருமல்ல, கிரியேட்டிவ் நிறுவனமே. வழக்கில் வென்றவர் அழிந்து, தோற்றவர் வாங்கிக்கொண்ட கதை இது. ஏ3டி அதன்பின் சந்தையில் வளரவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் உலகம் வேறு வழியில் சென்றது. 1992 இல் "பேட்மேன் ரிட்டர்ன்ஸ்" திரைப்படத்துடன் அரங்குகளுக்கு வந்த டொல்பி டிஜிட்டல், பின்னர் வீடுகளுக்கும் வந்தது. ஐந்து ஒலிபெருக்கிகள், தாழ்சுருதிக்கு ஒன்று, இதுவே 5.1. மேலும் இரண்டு சேர்ந்தால் 7.1. மைக்ரோசொஃப்டின் முதலாவது எக்ஸ்பொக்ஸ் 2001 இல், ஆடும்போதே 5.1 ஒலியை உருவாக்கி அனுப்பியது. ஆனால் நள்ளிரவில், அடுக்குமாடிக் குடியிருப்பில், ஐந்து ஒலிபெருக்கிகளை யார் முழக்க முடியும்? எனவே அந்த ஐந்தையும் ஹெட்போனுக்குள் கொண்டுவரும் தேவை எழுந்தது. அவுஸ்திரேலியாவின் லேக் நிறுவனம் உருவாக்கிய டொல்பி ஹெட்போன் முறை, ஐந்து ஒலிபெருக்கிகள் உள்ள ஓர் அறையை இரண்டு காதுகளுக்குப் பாவனை செய்து காட்டியது. இதற்கிடையில், 2007 இல் வந்த விண்டோஸ் விஸ்டா, விளையாட்டுகள் ஒலி அட்டையின் முப்பரிமாண ஆற்றலை நேரடியாகப் பயன்படுத்தி வந்த வழியை அடைத்துவிட்டது. காலடி ஓசையின் துல்லியத்தில் 1998 இல் எட்டிய இடத்தைப் பல விளையாட்டுகள் நெடுங்காலம் மீண்டும் எட்டவில்லை.

மறுமலர்ச்சி 2016 இல் தொடங்கியது. "ஓவர்வோச்" விளையாட்டு, ஹெட்போனுக்கான டொல்பி அட்மோஸ் வசதியைத் தன்னுள்ளேயே கொண்டு வந்தது. 2017 இல் விண்டோஸ் 10, தன் சொந்த முறையான விண்டோஸ் சோனிக்கை இலவசமாக வழங்கியது. 2020 இல் வந்த பிளேஸ்டேஷன் 5, நூற்றுக்கு மேற்பட்டோரின் காதுகளை அளந்து தெரிவு செய்த ஐந்து மாதிரிகளை முன்வைத்து, உங்கள் காதுக்குப் பொருந்துவதை நீங்களே தெரிவு செய்யுங்கள் என்றது. பின்னர், 2024 இல், ஒவ்வொருவரும் சில ஒலிச் சோதனைகள் மூலம் தமக்கேயுரிய அமைப்பை உருவாக்கும் வசதியும் சேர்க்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து நடைமுறைக்குக் கொள்ளத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, ஒரு காதுக்குள் மூன்று நான்கு சிறிய ஒலிபெருக்கிகளைத் திணித்த "உண்மையான 5.1" ஹெட்போன்களைத் தேட வேண்டியதில்லை. ஒரு கிண்ணத்துக்குள் சில சென்டிமீற்றர் இடைவெளியில் அமைந்தவை, அறையின் நான்கு மூலைகளுக்கு ஈடாகமாட்டா. நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் ஒன்றும், திசையைக் கணிக்கும் மென்பொருளும் போதும். பின்புறம் திறந்த வகை ஹெட்போனில் ஒலி விசாலமாகக் கேட்கும். ஆனால் வீட்டிலுள்ளோருக்கும் கேட்கும். இரைச்சலான இடத்தில் மூடிய வகையே ஏற்றது. ஏறத்தாழ 32 ஓம் மின்தடையுள்ளவற்றை விளையாட்டுக் கைப்பிடியில் நேரடியாகச் செருகலாம். 250, 300 ஓம் என்றிருப்பவற்றுக்குத் தனி ஒலி மிகைப்பி வேண்டியிருக்கும்.

இரண்டாவது, திசைக் கணிப்பு ஒரே ஒரு முறைதான் நடைபெற வேண்டும். விளையாட்டிலேயே ஹெட்போனுக்கான முப்பரிமாண அமைப்பு இருந்தால், அதைத் தெரிவு செய்துகொண்டு விண்டோஸ் சோனிக், அட்மோஸ் போன்றவற்றை நிறுத்திவிடுங்கள். விளையாட்டில் அவ்வசதி இல்லையெனில், அதனை 5.1 அல்லது 7.1 ஒலிக்கு அமைத்து, இவற்றில் ஒன்றை இயக்குங்கள். இரண்டும் ஒருங்கே இயங்கினால், ஒருமுறை காது மடலுக்காக மாற்றிய ஒலி மறுமுறையும் மாற்றப்பட்டுக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும்.

மூன்றாவது, இணைப்பு. பிளேஸ்டேஷன் 5 இல் ஹெட்போனைக் கைப்பிடியின் 3.5 மில்லிமீற்றர் துளையிலோ, யூஎஸ்பி வழியாகவோ இணைப்பது நன்று. எக்ஸ்பொக்ஸிலும் கைப்பிடியே எளிய வழி. தொலைக்காட்சிப் பெட்டியின் ஹெட்போன் துளையில் செருகினால், திசைக் கணிப்பு பெரும்பாலும் கைநழுவிப் போகும். ஒளியிழை வடம், அழுத்தப்படாத ஒலியில் இரண்டு தடங்களையே கொண்டு செல்லும், 5.1 வேண்டுமாயின் டொல்பி டிஜிட்டல் போன்ற முறையில் சுருக்கி அனுப்ப வேண்டும். அதற்கான துளையும் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் கருவிகளில் இல்லை. கணனியில் பச்சைத் துளை ஒலிக்கு, இளஞ்சிவப்புத் துளை ஒலிவாங்கிக்கு; ஒற்றைச் செருகியுள்ள ஹெட்செட்டாயின் இரண்டாகப் பிரியும் சிறு வடம் வேண்டும். வழமையான புளூடூத்தில் ஒலி பிந்தி வருவதை உணரலாம். ஒலிவாங்கியை இயக்கினால் தரமும் சரியும். கம்பி வேண்டாமெனில், தனி யூஎஸ்பி வாங்கியுடன் வரும் வகையே மேல்.

இறுதியாக ஒன்று. தொலைவிலுள்ள காலடியைக் கேட்பதற்காக ஒலியைக் கூட்டிக்கொண்டே செல்வதும், அடுத்த கணத்தில் காதருகே துப்பாக்கி வெடிப்பதும் இவ்விளையாட்டுகளின் இயல்பு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு வாரம் 40 மணித்தியாலங்களுக்கு 80 டெசிபெல் என எல்லை வகுத்திருக்கிறது. சிறுவர்களுக்கு அது 75. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது: 83 இல் 20 மணித்தியாலம், 86 இல் 10. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஜப்பானில் 1997 இல் கென்ஜி ஏனோ என்பவர், "ரியல் சவுண்ட்" என்ற பெயரில் படமே இல்லாத, ஒலியினால் மட்டுமே ஆன விளையாட்டொன்றை வெளியிட்டார். பார்வையற்றோரும் பார்வையுள்ளோரும் அதைச் சமமாக ஆடலாம். 2020 இல் வந்த "தி லாஸ்ட் ஒஃப் அஸ்" இரண்டாம் பாகத்தையும் பார்வையற்றோர் ஒலிக்குறிகளின் துணையோடு ஆடி முடித்திருக்கிறார்கள். சூழொலி அவர்களுக்கு ஆடம்பரமன்று. விளையாட்டுக்குள் நுழையும் ஒரே வாசல். பெட்டியிலுள்ள எண்களைப் பார்த்து விலை பேசும் நாம், எந்தக் கடையிலும் கிடைக்காத நம் இரண்டு காதுகளின் பெறுமதியை அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளலாம்.