சோம்பல் கண்: பார்வைக் குறையும் கைத்திறன் தடுமாற்றமும்

அம்ப்ளியோபியா எனப்படும் சோம்பல் கண், குழந்தைப் பருவத்தில் பார்வை வளர்ச்சி தடைப்படுவதால் ஏற்படும் குறைபாடாகும். இது பெரும்பாலும் ஒரு கண்ணிலும், சிலருக்கு இரு கண்களிலும் காணப்படுகிறது. நூறு குழந்தைகளில் ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று பேருக்கு இக்குறைபாடு உள்ளது. கண்ணைச் சோதித்தால் பெரும்பாலும் விழித்திரையிலோ பார்வை நரம்பிலோ நோய் எதுவும் தென்படாது. சரியான கண்ணாடி அணிவித்தாலும் பார்வை உடனே முழுமையாகத் தெளிவடையாது. அக்கண் அனுப்பும் செய்தியை மூளை முறையாக ஏற்காததே இதற்குக் காரணம்.

எழுத்துகள் மங்கலாகத் தெரிவதோடு இக்குறைபாடு நின்றுவிடுவதில்லை. இரு கண்களும் சேர்ந்து இயங்குவதால் கிடைக்கும் ஆழ உணர்வும், அதனைச் சார்ந்து செயல்படும் கையின் துல்லியமும் பாதிக்கப்படுகின்றன. எடுக்கும் பொருளைத் தவறவிடும், எழுதுவதில் பின்தங்கும் குழந்தைகளில் சிலருக்குத் தேவைப்படுவது கண் பரிசோதனையே ஆகும்.

பார்வை எவ்வாறு வளர்கிறது?

பிறந்த குழந்தைக்குப் பார்வை முழுமையாக அமைந்திருப்பதில்லை. இரு கண்களிலிருந்தும் தெளிவான பிம்பங்கள் தொடர்ந்து சென்றால்தான் மூளையின் பார்வைப் பகுதியில் நரம்பணு இணைப்புகள் முறையாக உருவாகும். அமெரிக்காவில் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் ஆகியோர் 1960-களில் பூனைக்குட்டிகளிடம் நடத்திய ஆய்வுகள் இதனைத் தெளிவுபடுத்தின. இளம் பருவத்தில் ஒரு கண்ணின் இமை மூடி வைக்கப்பட்டிருந்த குட்டிகளில், பின்னர் அக்கண்ணைத் திறந்தபோதும் பார்வைப் பகுதியின் நரம்பணுக்களில் மிகச் சிலவே அதற்கு எதிர்வினை காட்டின. வளர்ந்த பூனைகளிடம் இத்தகைய மாற்றம் காணப்படவில்லை. பார்வை வளர்ச்சிக்கென ஒரு காலகட்டம் உண்டு என்பதை உணர்த்திய இவ்விருவரும், ரோஜர் ஸ்பெரியுடன் 1981-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

காரணங்கள்

• மாறுகண்: இரு கண்களும் ஒரே புள்ளியை நோக்காதபோது இரட்டைப் பார்வையைத் தவிர்க்க மூளை ஒரு கண்ணின் பிம்பத்தை ஒதுக்கிவிடுகிறது.

• இரு கண்களின் பார்வைத் திறனில் வேறுபாடு: ஒரு கண்ணில் மட்டும் தூரப்பார்வை, கிட்டப்பார்வை அல்லது உருச்சிதைவு அதிகமாக இருந்தால், தெளிவாகத் தெரியும் கண்ணையே மூளை பயன்படுத்துகிறது. வெளித்தோற்றத்தில் எந்த மாற்றமும் இல்லாததால் இவ்வகை நெடுங்காலம் கண்டறியப்படாமல் போகக்கூடும்.

• ஒளி தடைப்படுதல்: பிறவிக் கண்புரை, கண்ணை மறைக்கும் இமைத் தொய்வு ஆகியவற்றால் பிம்பம் விழித்திரையைச் சென்றடைவதில்லை. இவ்வகை அரிது, ஆயினும் மிகக் கடுமையானது.

இரு கண் பார்வையும் கை இயக்கமும்

நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளி உள்ளது. ஆகவே ஒவ்வொரு கண்ணும் ஒரே காட்சியைச் சற்று வேறுபட்ட கோணத்தில் காண்கிறது. அந்த வேறுபாட்டை ஒப்பிட்டே மூளை ஆழத்தை நுட்பமாக அறிகிறது. ஒரு கண் ஒதுக்கப்படும்போது இவ்வொப்பீடு குறைபடுகிறது அல்லது நிகழாமலே போகிறது.

மேசையிலுள்ள தம்ளரை எடுக்கும் செயலில் இதன் விளைவைக் காணலாம். கண்கள் முதலில் தம்ளரை நோக்கித் திரும்புகின்றன. அதன் தொலைவைக் கணித்து மூளை கையின் வேகத்தை அமைக்கிறது. தம்ளரை அடையும் முன்பே விரல்கள் அதன் அளவைவிடச் சற்று அகலமாக விரிகின்றன. நெருங்குகையில் கையின் வேகம் குறைந்து, விரல்கள் குவிந்து பற்றுகின்றன. இக்கடைசிக் கட்டத்திற்கே இரு கண் பார்வை மிகவும் தேவைப்படுகிறது.

ஆய்வுகள் கூறுவது

• லண்டன் நகர ஆய்வாளர்கள் 2007-இல் பெரியவர்களிடமும் 2011-இல் 4 முதல் 8 வயதுக் குழந்தைகளிடமும் பொருளை எட்டி எடுக்கும் செயலை அளந்தனர். சோம்பல் கண் உள்ளவர்கள் இரு கண்களையும் திறந்து வைத்திருந்தபோதும் அதிக நேரம் எடுத்துக்கொண்டனர். பற்றுவதில் அதிகமாகத் தவறினர். நல்ல கண் ஒன்று இருப்பது மட்டுமே கைக்குப் போதுமானதாக இல்லை என்பது இதன் பொருள்.

• ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2008-இல் வெளியான ஆய்வு, சோம்பல் கண் உள்ள 82 குழந்தைகளை அக்குறை இல்லாத 37 குழந்தைகளுடன் ஒப்பிட்டது. வேகமும் துல்லியமும் ஒருங்கே தேவைப்படும் கைவேலைகளில் முதல் பிரிவினர் மிகவும் பின்தங்கினர்.

• கனடாவின் டொராண்டோவில் நடந்த ஆய்வுகளில், சோம்பல் கண்ணால் மட்டும் பார்க்கும்போது பார்வை இலக்கை நோக்கித் திரும்புவதே தாமதமாவது கண்டறியப்பட்டது. அத்தகையோர் கையை மெதுவாகச் செலுத்தி அக்குறையை ஈடுசெய்ய முயல்கின்றனர். பிறர் கண்ணுக்கு மந்தம் எனத் தோன்றுவது, உண்மையில் தவறைத் தவிர்க்க உடல் தானே கற்றுக்கொண்ட எச்சரிக்கையாக இருக்கலாம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

நல்ல கண் முழுப் பணியையும் ஏற்றுக்கொள்வதால் குழந்தை தனக்குக் குறை இருப்பதாக உணர்வதில்லை, வலியும் இராது. எனவே பெற்றோரும் ஆசிரியரும் பின்வருவனவற்றைக் கவனித்தல் வேண்டும்:

• ஒரு கண் உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ விலகியிருத்தல்
• தலையைச் சாய்த்தோ ஒரு கண்ணைச் சுருக்கியோ பார்த்தல்
• ஒரு குறிப்பிட்ட கண்ணை மறைத்தால் மட்டும் அழுதல் அல்லது கையைத் தள்ளிவிடுதல்
• தண்ணீர் ஊற்றும்போது விளிம்பைத் தவறவிடுதல், மணி கோப்பதில் சிரமப்படுதல், பந்தைப் பிடிக்கத் தடுமாறுதல், படிக்கட்டில் தயங்குதல்

கைத்தடுமாற்றத்திற்குப் பிற காரணங்களும் உண்டு. ஆயினும் கண் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு வேறு முடிவுக்கு வருதல் கூடாது. கண்ணின் பாவை வெண்மையாகத் தெரிந்தால் அது கண்புரையாகவோ விழித்திரைப் புற்றாகவோ இருக்கக்கூடும். உடனே கண் மருத்துவரை அணுகவும். மாறுகண் அதிர்ஷ்டத்தின் அடையாளம் என்ற நம்பிக்கையால் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது பார்வையை இழக்கச் செய்யும்.

சிகிச்சை

1. தடையை நீக்குதல்: கண்புரை, இமைத் தொய்வு ஆகியவை இருப்பின் அவை முதலில் சரிசெய்யப்படும்.

2. கண்ணாடி: சரியான கண்ணாடியை நாள் முழுவதும் அணிவதே சிகிச்சையின் அடித்தளம். அமெரிக்காவின் குழந்தைகள் கண்நோய் ஆய்வாளர் குழு 2006-இல் வெளியிட்ட ஆய்வில், பார்வைத்திறன் வேறுபாட்டால் சோம்பல் கண் ஏற்பட்ட 84 குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினருக்குச் சற்று அதிகமானோர் கண்ணாடியால் மட்டுமே குணமடைந்தனர்.

3. நல்ல கண்ணை மறைத்தல்: பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1743-லேயே எழுதிய முறை இது. 3 முதல் 7 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மிதமான குறைபாட்டில் நாளொன்றுக்கு 2 மணி நேர மறைப்பு, 6 மணி நேர மறைப்புக்கு இணையான பயன் தந்ததாக மேற்கண்ட குழு 2003-இல் அறிவித்தது. மறைப்பு நேரத்தில் குழந்தை படிக்கலாம், வரையலாம், விளையாடலாம்.

4. அட்ரோபின் சொட்டு மருந்து: நல்ல கண்ணின் அருகுப் பார்வையைத் தற்காலிகமாக மங்கச் செய்து, மற்றக் கண்ணைச் செயல்படத் தூண்டுகிறது. மருத்துவர் பரிந்துரையின்றிப் பயன்படுத்துதல் கூடாது.

5. மாறுகண் அறுவை சிகிச்சை: கண்களை நேராக்கி, இரு கண்களும் சேர்ந்து இயங்கும் வாய்ப்பை அளிக்கிறது. ஆனால் இது சோம்பல் கண்ணைத் தானே குணப்படுத்தாது. மறைப்புச் சிகிச்சை தொடர வேண்டியிருக்கலாம்.

சிகிச்சையைத் திடீரென நிறுத்துதல் கூடாது. குணமடைந்த குழந்தைகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் குறை திரும்புவதாக அறியப்பட்டுள்ளது. அளவுக்கு மீறிய மறைப்பு நல்ல கண்ணையும் பாதிக்கக்கூடும். ஆகவே மருத்துவர் குறித்த நாளில் தவறாமல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும்.

மறைப்பினால் எழுத்துகளைப் படிக்கும் திறன் மேம்பட்டாலும் ஆழ உணர்வு எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை. அது திரும்பிய குழந்தைகளிடம் கைத்திறனும் மேம்பட்டிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே பார்வை அட்டையுடன் ஆழ உணர்வுச் சோதனையும் செய்யப்படுகிறதா எனப் பெற்றோர் மருத்துவரிடம் கேட்டறியலாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழு வயதைக் கடந்தால் சிகிச்சை பயன் தராதா?
ஏழு வயதுக்கு முன் தொடங்குவதே சிறந்தது. ஆயினும் 2005-இல் வெளியான ஆய்வில், கண்ணாடியுடன் மறைப்பும் அட்ரோபினும் பெற்ற 7 முதல் 12 வயதினரில் 53 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டனர். கண்ணாடி மட்டும் பெற்றோரில் இது 25 விழுக்காடு. ஆகவே வயதைக் காரணம் காட்டிப் பரிசோதனையைக் கைவிட வேண்டாம்.

கணினி விளையாட்டுகள் மறைப்புக்கு மாற்றாகுமா?
இரு கண்களுக்கும் வெவ்வேறு பிம்பங்களைக் காட்டி அவற்றைச் சேர்ந்து இயங்கச் செய்யும் விளையாட்டுகள் ஆராயப்படுகின்றன. 385 குழந்தைகளிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், அத்தகைய விளையாட்டு ஒன்று மறைப்புக்கு இணையானது என நிறுவப்படவில்லை. குழந்தைகளில் பலர் குறித்த அளவு விளையாடவும் இல்லை. சாதாரணக் கைபேசி விளையாட்டுகள் சிகிச்சை ஆகா.

ஒரு கண் நன்றாக இருக்கும்போது கவலை ஏன்?
நல்ல கண்ணுக்குப் பின்னாளில் காயமோ நோயோ ஏற்பட்டால் துணைக்கு மற்றொரு கண் இராது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வின்படி, வாழ்நாளில் இரு கண்களிலும் பார்வைக் குறை ஏற்படும் வாய்ப்பு சோம்பல் கண் உள்ளவர்களுக்கு 18 விழுக்காடு. பிறருக்கு 10 விழுக்காடு.

எங்கே பரிசோதிக்கலாம்?

தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறையும், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் ஆண்டுக்கு ஒருமுறையும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. மேற்சிகிச்சைக்கு அரசு மருத்துவமனையின் கண் பிரிவை அணுகலாம். அறிகுறி எதுவும் இல்லாவிடினும், பள்ளியில் சேர்க்கும் முன் ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்பது நன்று. சிகிச்சை பெறும் குழந்தைக்கு எழுத்துப் பணியில் சற்றுக் கூடுதல் நேரம் அளிக்குமாறு ஆசிரியர்கள் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகா.