அச்சுக்கு முந்திய போர்ச்செய்தி: சித்தூர், திருப்பதி வட்டாரச் சான்றுகள்

போர்முனைச் செய்தியாளர் என்னும் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோன்றியது என்பதே இதழியல் வரலாற்று நூல்களின் பொதுவான கூற்று. 1854இல் கிரிமியப் போர்முனைக்குச் சென்று இலண்டன் ‘டைம்ஸ்’ இதழுக்கு எழுதிய வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸல் அதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார். 1858இல் அவர் இந்தியாவுக்கும் வந்து, வடநாட்டில் நடந்த பெருங்கிளர்ச்சியின் இறுதிக் கட்டத்தை எழுதினார். இக்கூற்று தவறன்று. ஆயினும் இதனை மட்டுமே கொண்டால், அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் போர்ச்செய்தி எவ்வாறு திரட்டப்பட்டது, எவ்வாறு மறைக்கப்பட்டது என்பன ஆய்வுக்கு வெளியே நின்றுவிடும்.

மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்கும் கணவாய்கள் இவ்வட்டாரத்தில் உள்ளன. மேற்கிலிருந்து ஆர்க்காட்டை நோக்கி வந்த படைகள் பல இவ்வழியே வந்தன. 1911இல் தனி மாவட்டம் அமைக்கப்படும் வரை சித்தூர் வடஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராகவும் இருந்தது. எனவே இங்கு நடந்த போரின் செய்தி ஆர்க்காடு, வேலூர், சென்னை, புதுச்சேரி ஆகிய நான்கு இடங்களிலும் உடனே தேவைப்பட்டது.

அச்செய்தியைக் கொண்டு சேர்த்தவர் மூவகையினர். அரசவைகளில் அமர்ந்து நடப்புகளை எழுதி அனுப்பிய அக்பர் நவீசுகள் ஒரு வகையினர். பிற அவைகளில் தங்கித் தம் தலைவர்க்கு மடல் எழுதிய வக்கீல்கள் மற்றொரு வகையினர். மடலையும் வாய்ச்செய்தியையும் சுமந்து ஓடிய அர்க்காராக்கள் மூன்றாம் வகையினர். இவர்களுள் எவரும் பொதுமக்களுக்காக எழுதியவர் அல்லர். பிற்காலச் செய்தியாளரிடமிருந்து இவர்களைப் பிரிக்கும் அடிப்படை வேறுபாடு இதுவே.

1740 மே 20ஆம் நாள் பாகாலாவுக்கு அருகிலுள்ள தாமலச்செருவுக் கணவாயில் ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலிகான் மராத்தியப் படையால் கொல்லப்பட்டார். அவருடைய மகன் அசன் அலியும் உடன் மடிந்தார். மராத்தியர்க்குத் தலைமை தாங்கியவர் இரகுசி போன்சலே. காவல் மிகுந்த வழியை விடுத்து வேறு வழியாக வந்து, நவாபின் படையைப் பின்புறத்திலிருந்து அவர்கள் தாக்கினர் என்று இராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். இவ்வரலாற்றாசிரியர் அந்நிகழ்ச்சியின்போது பதினொரு வயதுச் சிறுவர். இங்கிலாந்தில் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தவர். அவருடைய நூலின் முதல் தொகுதி 1763இல் வெளிவந்தது. பாரசீக மொழியில் நவாபு வாலாசாவின் வரலாற்றை எழுதிய புர்கான் இப்னு அசன் அவருக்கும் பிற்பட்டவர். தென்னிந்திய அரசியலின் போக்கையே மாற்றிய ஒரு போரைப் பற்றி இன்று பெரிதும் எடுத்தாளப்படும் நூல்கள், களத்தைக் காணாதவர்கள் பிறர் சொல்லக் கேட்டு எழுதியவை என்பது கருதத்தக்கது.

நாள் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியையே பின்பற்றினர். பிரெஞ்சுக்காரர் புதிய நாட்காட்டியைக் கையாண்டனர். ஆகவே புதுச்சேரிக் கணக்கில் மே 20 என அமையும் நாள் சென்னைக் கோட்டைக் கணக்கில் மே 9 ஆகும். இவ்வேறுபாட்டை நோக்காமல் இரு கணக்குகளையும் கலந்தால், செய்தி வந்த விரைவைப் பற்றிய முடிவுகள் அனைத்தும் பிழைபடும்.

போர் முடிந்த ஐந்தாம் நாள், மே 25இல், நவாபின் மனைவி குடும்பத்தாருடன் புதுச்சேரிக் கோட்டை வாயிலை வந்தடைந்து அடைக்கலம் வேண்டினார். ஆளுநர் தூமா அவரை உள்ளே ஏற்றார். கணவாயிலிருந்து கடற்கரை வரையுள்ள தொலைவு ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். அச்சம் கொண்டு ஓடிவந்த மக்களே அன்று செய்தியின் ஊர்தி என்று கூறினும் பொருந்தும்.

அவ்வேளையில் புதுச்சேரியில் வாழ்ந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை (1709-1761). நள ஆண்டில், அதாவது 1736 செப்டம்பரில், தொடங்கும் அவருடைய தமிழ் நாட்குறிப்பு அவர் மறையும் காலம் வரை நீள்கிறது. 1740இல் துபாசிப் பதவி கனகராய முதலியாரிடம் இருந்தது. பிள்ளை அதனை 1747இல்தான் பெற்றார். தமிழ் ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றுடன் ஐரோப்பிய நாளையும் அவர் சேர்த்தெழுதுவார். மடல் எங்கிருந்து வந்தது, யார் எழுதியது, எவ்வேளையில் ஆளுநர் கைக்குச் சேர்ந்தது, அதைக் கேட்ட ஆளுநர் என்ன சொன்னார் என்பனவற்றையும் பல இடங்களில் குறிக்கிறார். போரைத் தாம் கண்டதாகக் காட்டிக்கொள்ளும் முயற்சி அதில் இல்லை. செய்தி கைமாறிய வழியையும் செய்தியுடன் சேர்த்துப் பதிந்த இம்முறை, ஓர்மின் ஒழுங்கான கதைப்போக்கைவிட ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுகிறது. பிள்ளை வணிகர் என்பதும் இதற்கு ஒரு காரணம் ஆகலாம். பொய்ச்செய்தியை நம்பினால் பொருள் இழப்பு நேரும்; அரண்மனைக் கவிஞர்க்கு அத்தகைய இடர் இல்லை.

திருப்பதியின் நிலை சற்று வேறு. கோயில் வருவாயை நவாபு முகம்மது அலி ஆங்கிலக் கும்பினியாருக்கு ஒப்படைத்திருந்தார். அதனால் அங்கு எழுந்த பூசல் ஒவ்வொன்றும் சென்னைக் கோட்டைக்கு வரவுசெலவுச் செய்தியாகவே சென்றது. 1753இல் நெல்லூரைக் கைப்பற்றியிருந்த முகம்மது கமால் திருப்பதியை நோக்கி வந்தபோது கும்பினிப் படை விரைந்து சென்று அவரை வென்றது. வழிபாட்டுக்கு வந்தோர் கண்டது என்ன என்பதற்குக் கும்பினியின் கணக்கேடுகளில் இடம் இருக்கவில்லை.

செய்தியை மறைத்தலும் போர்த்தொழிலின் ஒரு பகுதி என்பதற்குச் சித்தூரே சிறந்த சான்று. 1782 டிசம்பர் 7ஆம் நாள் சித்தூருக்கு அருகிலுள்ள நரசிங்கராயன்பேட்டைப் பாசறையில் ஐதர் அலி இராசபிளவை நோயால் இறந்தார். மகன் திப்பு அப்போது மலையாளக் கரையில் பொன்னானிப் பக்கத்தில் போர்புரிந்துகொண்டிருந்தார். பூர்ணையா முதலிய அமைச்சர்கள் இறப்பை வெளியிடாமல், பாசறை அலுவல்கள் வழக்கம்போல் நடைபெறச் செய்தனர். உடல் பொருட்பேழை போலத் தோன்றும் பெட்டியில் வைக்கப்பட்டுக் கோலாருக்கு அனுப்பப்பட்டது. இளைய மகன் அப்துல் கரீமை அரியணை ஏற்றச் சிலர் செய்த சூழ்ச்சியும் முறியடிக்கப்பட்டது. திப்புவுக்கு மட்டும் விரைவுத் தூது சென்றது.

எனினும் வதந்தி சென்னையை எட்டியது. ஆளுநர் மகார்ட்னி பிரபு உடனே படை நகர வேண்டும் என்றார். தளபதி ஸ்டூவர்ட்டோ ஐதர் இறந்தார் என்பதையே நம்ப மறுத்தார். உண்மையாயினும் உரிய காலத்தில் படை ஆயத்தமாகும் என்ற அளவில் அவர் விடை அமைந்தது. படை புறப்பட்டபோது 1783ஆம் ஆண்டு பிறந்துவிட்டது; அதற்குள் திப்பு தம் தந்தையின் படையை அடைந்துவிட்டார். உணவும் வண்டிமாடும் இல்லாத குறையும் தளபதியைத் தடுத்தது உண்மை. ஆயினும் ஐயத்தைப் போக்கவல்ல நம்பகமான சான்று உரிய வேளையில் கிட்டாததும் அத்தயக்கத்திற்குத் துணைநின்றது.

இந்நிகழ்ச்சியின்போது சென்னையில் செய்தித்தாள் எதுவும் இல்லை. கல்கத்தாவில் 1780 சனவரி 29இல் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி தொடங்கிய ‘பெங்கால் கெசட்’ மைசூர்ப் போர்ச் செய்திகளை வெளியிட்டதோடு, கும்பினியின் போர்களைக் கண்டிக்கவும் செய்தது. ஆளுநர்த் தலைவர் வாரன் ஹேஸ்டிங்சின் பகை அவரைச் சிறைக்கு அனுப்பியது. 1782 மார்ச்சில் அச்செழுத்துகள் பறிமுதல் செய்யப்பட இதழும் நின்றது. ஐதர் இறந்தது அதற்கு ஒன்பது திங்களுக்குப் பின். சென்னையின் முதல் செய்தித்தாளான ‘மெட்ராஸ் கூரியர்’ 1785 அக்டோபரில்தான் தோன்றியது.

1791 பிப்ரவரியில் காரன்வாலிஸ் பிரபு ஆம்பூர் வழியே செல்வதுபோல் போக்குக் காட்டிவிட்டு, சித்தூரைக் கடந்து மொகிலிக் கணவாய் வழியாக மைசூர் மேட்டுநிலத்தில் ஏறினார். திப்புவின் ஒற்றர்களும் இம்முறை ஏமாந்தனர். கூரியர் இதழ் அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆயினும் அப்போரைக் கண்டவராக நூல் எழுதியவர் கும்பினிப் படையுடன் சென்ற அலுவலர் அலெக்சாண்டர் டிரோம். அவர் நூல் 1793இல் இலண்டனில் அச்சேறியது. களக்காட்சிகளை வரைய இசைவு பெற்ற ஓவியர் இராபர்ட் ஹோமும் அப்படையுடன் இருந்தார். அவருடைய மைசூர்க் காட்சிகள் அதற்கு அடுத்த ஆண்டில் வெளிவந்தன.