தடை யாருடையது? உடற்பயிற்சித் தன்திறன் நம்பிக்கையை அளத்தலும் கொச்சித் தெருக்களும்

முறையாக உடற்பயிற்சி செய்ய முடியும் என்று ஒருவர் தம்மை எவ்வளவு நம்புகிறார் என்பதை எண்ணால் அளக்கும் முயற்சி, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கைக் கோட்பாட்டிலிருந்து கிளைத்தது. அளவுகோல் அமைப்பது குறித்து 2006இல் வெளியான அவரது வழிகாட்டி, உடற்பயிற்சிக்கென 18 தடைகளை நிரல்படுத்துகிறது. களைப்பு, மோசமான வானிலை, வீட்டில் விருந்தினர், வேலைப்பளு என நீளும் அவை ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் இட வேண்டும். முதியோருக்கென ரெஸ்னிக்கும் ஜென்கின்ஸும் 2000இல் தந்த அளவுகோலில் ஒன்பதே வினாக்கள்.

இவற்றை அப்படியே மொழிபெயர்த்துக் கொச்சியில் கேட்டால் கிடைக்கும் எண், ஆளின் மனத்தைவிட அவர் வாழும் தெருவைத்தான் அதிகம் காட்டும் என்பது என் வாதம்.

எர்ணாகுளத்துப் பிராட்வேயை எடுத்துக்கொள்வோம். நெருக்கமான கடைவீதி, பகல் முழுதும் நின்றே வேலை பார்க்கும் விற்பனையாளர்கள். மரைன் டிரைவ் நடைபாதை அருகில்தான். ஆனால் கடை அடைத்த பின் ஒரு பெண் அங்கே தனியாக நடக்கத் துணிவாரா என்ற வினா அந்தப் பதினெட்டில் இல்லை. மழையோ ஜூனில் தொடங்கி, இரண்டாம் பருவமழையோடு நவம்பர் வரை தொடர்கிறது. ஆண்டில் பாதியை 'மோசமான வானிலை' என்ற ஒரே வரியில் அடக்குவது அளவையியல் பிழை.

காயலுக்கு அப்பால் மட்டாஞ்சேரியில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. பண்டூராவின் படிவத்தில் பழகிக்கொள்வதற்கான முன்பயிற்சி வினா, 10 முதல் 300 பவுண்டு வரை எடை தூக்க முடியுமா என்பது. சரக்குக் கிடங்கின் சுமைதூக்கும் தொழிலாளி அதில் பலரை விஞ்சக்கூடும். வாரம் மும்முறை உடற்பயிற்சி என்றால் அவரே 20 போடலாம். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் நாளெல்லாம் துணி துவைக்கும் தமிழ் வண்ணார்களுக்கும் இது பொருந்தும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2014இல் வெளியான ஐசிஎம்ஆர்–இண்டியாப் (ICMR–INDIAB) ஆய்வில், ஓய்வுநேர உடலியக்கம் உள்ளவர்கள் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. பிழைப்புக்காக உழைத்த உடலிடம் மீண்டும் உழைக்கச் சொல்வதை உறுதிக்குறைவு என்று பதிவது அநியாயம்.

நம்பிக்கை என்பதே தடைக்கு எதிரான நம்பிக்கைதானே என்று ஒருவர் மறுக்கலாம். சரிதான். எல்லாத் துறைக்கும் ஒரே அளவுகோல் உதவாது என்று பண்டூராவும் வலியுறுத்தினார். ஆனால் குறைந்த மதிப்பெண் சில வேளை தெருவைப் பற்றிய துல்லியமான மதிப்பீடாகவே இருக்கிறது. அங்கே ஆலோசனை வகுப்பு நடத்தி என்ன பயன்? விளக்கோ ஒழுங்கான நடைபாதையோ வேண்டிய இடம் அது.

எனவே கொச்சியில் ஆய்வு செய்வோர் முதலில் கடைக்காரர், சுமைப்பணியாளர், இல்லத்தரசியர் ஆகியோரிடம் திறந்த வினாக்கள் கேட்டுத் தடைகளைத் திரட்டட்டும். ஒவ்வொரு தடைக்கும், 'எவ்வளவு உறுதி?' என்பதோடு 'வாரத்தில் எத்தனை நாள் எதிர்ப்படுகிறது?' என்ற பத்தியையும் சேர்க்கட்டும். இந்த இரண்டாம் பத்தி இல்லாத மதிப்பெண்ணை வைத்து எந்தத் திட்டத்தையும் வகுக்க வேண்டாம்.