பசித்த குழந்தையும் செயப்பாட்டு வினையும்: எக்லன்டைன் ஜெப் குறித்து

1919 மே மாதத்தில் இலண்டன் மேன்ஷன் ஹவுஸ் நீதிமன்றத்தில் 42 வயதுப் பெண் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டு நின்றார். தணிக்கையாளரின் ஒப்புதலின்றித் துண்டறிக்கைகளை அச்சிட்டு, டிரஃபால்கர் சதுக்கத்தில் வழங்கினார் என்பது குற்றச்சாட்டு. அத்துண்டறிக்கையில் பட்டினியால் உருக்குலைந்த ஆஸ்திரியக் குழந்தை ஒன்றின் படம் இருந்தது. அந்நிலைக்குப் பிரித்தானியாவின் கடல் முற்றுகையே காரணம் என்ற வரியும் இருந்தது. 1918 நவம்பரில் போர் நின்றுவிட்டது. முற்றுகையோ 1919 சூலை வரை நீடித்தது.

எக்லன்டைன் ஜெப் தம் வழக்கைத் தாமே நடத்தினார். சட்டப்படி தப்ப வழியில்லை. ஆகவே அறத்தின் பக்கம் நின்று வாதாடினார். 5 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு முடிந்ததும், அவருக்கு எதிராக வாதிட்ட அரசு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் பாட்கினே 5 பவுண்டை அவரிடம் கொடுத்தார். அப்பணம் ‘சேவ் த சில்ட்ரன்’ நிதிக்குப் போய்ச் சேர்ந்தது. சில நாள்களில், மே 19 அன்று, ராயல் ஆல்பர்ட் அரங்கக் கூட்டத்தில் அந்நிதி பொதுமக்கள் முன் அறிவிக்கப்பட்டது. எதிரியின் பிள்ளைக்குச் சோறிடுவது துரோகம் எனப் பலர் கருதிய காலம் அது.

இந்த நீதிமன்றக் காட்சி பலமுறை சொல்லப்பட்டுவிட்டது. அதற்கு இருபது ஆண்டுகள் முந்தைய வகுப்பறைக் காட்சி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நிலவுடைமைக் குடும்பத்தில் 1876இல் பிறந்த ஜெப், ஆக்ஸ்ஃபோர்டில் லேடி மார்கரெட் ஹாலில் வரலாறு பயின்றவர். அவ்வகுப்புப் பெண்கள் பொதுவாக நாடாத வழியில், ஸ்டாக்வெல் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்று, மார்ல்பரோ நகரில் ஏழைப் பிள்ளைகள் படித்த தொடக்கப் பள்ளியில் பணிக்குச் சேர்ந்தார். அப்பணி நீடிக்கவில்லை. உடல்நலம் குன்றியது ஒரு காரணம். மற்றொன்றை அவர் நாட்குறிப்பே ஒளிவின்றிச் சொல்கிறது: ஆசிரியருக்குரிய இயல்பு தம்மிடம் இல்லை, கற்பித்தலில் விருப்பமில்லை, குழந்தைகள் மீதும் தமக்குத் தனிப் பற்றில்லை. அவருக்குப் பின்னாளில் ‘தாயுள்ளம்’ என்னும் அடைமொழியைச் சூட்டியோர் இப்பக்கங்களைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

பள்ளியை விட்டு விலகிய பின் கேம்பிரிட்ஜில் அறப்பணி ஒருங்கிணைப்புச் சங்கத்தில் சேர்ந்தார். அந்நகரின் வறுமையை ஆய்ந்து 1906இல் நூலொன்றை வெளியிட்டார். கொடுப்பவரின் மனநிறைவையன்றிப் பெறுபவரின் நிலையை அளந்து உதவ வேண்டும் என்ற ஒழுங்கு அவருக்கு அங்கே படிந்தது. 1913இல் பால்கன் போரால் இடம்பெயர்ந்தோரைக் காண மாசிதோனியா சென்றார். தனித்தனி நிவாரணம் எவ்வளவு சிறியது என்பதை அங்கே நேரில் கண்டார்.

போர்க்காலத்தில் அவருடைய தங்கை டோரதி பக்ஸ்டன், எதிரி நாட்டுச் செய்தித்தாள்களிலிருந்து மொழிபெயர்த்த பகுதிகளைக் ‘கேம்பிரிட்ஜ் மேகசின்’ இதழில் வெளியிட்டுவந்தார். ஐரோப்பியப் பட்டினியின் அளவு பலருக்கு அதன் வழியாகவே தெரிந்தது. நிதியத்தை உருவாக்கியதில் டோரதிக்கும் சம பங்குண்டு; நினைவுச் சொற்பொழிவுகளில் அவர் பெயர் எளிதில் விடுபட்டுப்போகிறது.

ஆனால் ஜெப் விட்டுச் சென்றவற்றுள் நிலைத்தது உணவுக்கூடங்களினும் ஒரு சிறு பிரதிதான். 1923இல் அவர் முன்னின்று வரைந்து, 1924 செப்டம்பர் 26 அன்று நாடுகளின் சங்கம் ஏற்றுக்கொண்ட ஜெனீவா சாற்றுரையில் மொத்தம் ஐந்தே கூறுகள். பசித்த குழந்தை ஊட்டப்பட வேண்டும். நோயுற்ற குழந்தைக்குப் பணிவிடை செய்யப்பட வேண்டும். இடர்க்காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே தரப்பட வேண்டும் என்ற போக்கில் அவை அமைகின்றன.

அதன் இலக்கணம் கவனிக்கத்தக்கது. ‘உரிமை’ என்னும் சொல் சாற்றுரையின் பெயரில் மட்டுமே உள்ளது. ஐந்து கூறுகளில் எங்கும் இல்லை. வாக்கியங்களில் பெரும்பாலானவை செயப்பாட்டு வினையில் இயங்குகின்றன. குழந்தை எழுவாயாக நின்றாலும் செயலை ஏற்பதாகவே இருக்கிறது; ஊட்டுபவர் யார் என்பதைக் கூறுகள் சொல்வதில்லை. முன்னுரை அக்கடமையை ‘எல்லா நாடுகளின் ஆண்கள், பெண்கள்’ மீது சுமத்துகிறது, அரசுகள் மீதன்று. இதைக் குறை என்று மட்டும் கொள்வது சரியாகாது. அரசுகளே பட்டினியை விளைவித்ததைக் கண்டு, அதற்காக அபராதமும் பெற்ற ஒருவர் எழுதிய வாசகம் இது. இனம், நாடு, சமயம் ஆகிய எல்லாவற்றையும் கடந்தது அக்கடமை என்று அம்முன்னுரை சொல்வதற்கும் 1919இன் அனுபவமே பின்புலம்.

ஜெப் 1928 டிசம்பரில் ஜெனீவாவில் காலமானார். ஐக்கிய நாடுகள் அவை 1959இல் வெளியிட்ட சாற்றுரையில், குழந்தை உரிமைகளைத் ‘துய்க்கும்’ எழுவாயாகிறது. 1989ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வாக்கியங்களின் எழுவாய் பெரும்பாலும் ‘அரசுகள்’. 1924இல் பெயர் சுட்டப்படாது நின்ற கடமையாளி, 65 ஆண்டுகள் கழித்துப் பெயரிடப்பட்டார்.

இந்தியா 1992 டிசம்பரில் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. குழந்தை உழைப்பைப் பற்றிய 32ஆம் பிரிவுக்கு மட்டும் தனி விளக்கம் ஒன்றை இணைத்தது: எல்லாத் தொழில்களிலும் குறைந்தபட்ச வயதை உடனே வரையறுத்தல் இயலாது, படிப்படியாகவே நிறைவேற்ற இயலும். எவ்வகைச் சுரண்டலினின்றும் குழந்தை காக்கப்பட வேண்டும் என்று ஜெப்பின் நான்காம் கூறு 1924இலேயே கேட்டிருந்தது. அன்று நாடுகளின் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இந்தியாவின் பெயரும் இருந்தது.