முத்தைத் தேடிப் போன கப்பல்

களக்காட்டு மலையில் பெய்யும் மழை கடைசியில் எங்கே போகிறது என்று நீங்கள் யோசித்ததுண்டா? வயலுக்கும் குளத்துக்கும் பாய்ந்தது போக மிஞ்சிய நீர், பச்சையாற்றின் வழியே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலருகே மன்னார் வளைகுடாவைச் சேருகிறது. பாண்டியரின் கொற்கை இந்த ஆற்றுமுகத்துத் துறைமுகந்தான். அதற்குப் பெயர் வாங்கித் தந்தது முத்து.

முத்துச் சிப்பிகள் கரையிலிருந்து பல மைல் தள்ளி, கடலடியிலுள்ள கல் திட்டுகளில் வாழ்கின்றன. இத்திட்டுகளைப் பரதவர் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு எதிரே தொல்லாயிரம் பார், இலங்கைப் பக்கம் பெரிய பார் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. முதலில் குளிப்பவர்களை இறக்கிச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துத் திறந்து பார்ப்பார்கள். முத்து தேறினால்தான் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவிக்கப்படும். (சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'க்கு அரசே கூலி கொடுத்த காலமும் இருந்தது!)

ஆனால் பார்களை நம்ப முடியாது. இலங்கையில் 1891க்குப் பிறகு பல ஆண்டுகள் சலாபமே இல்லை. வருமானத்தை இழந்த அரசு, லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மனை வரவழைத்தது. 1902 தொடக்கத்தில் அவரும் உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலும் 'லேடி ஹாவ்லாக்' என்ற நீராவிக் கப்பலில் புறப்பட்டனர். கப்பல் நின்ற இடமெல்லாம் இழுவலை இறங்கியது, குளிப்பவர்களும் இறங்கினர். நண்டு, நட்சத்திர மீன், கடற்பஞ்சு, புழு என்று கிடைத்ததெல்லாம் சேகரிக்கப்பட்டது. பின்னர் ஐந்து பாகங்களாக வெளிவந்த அவர்களுடைய அறிக்கை, முத்தைப் பற்றியது மட்டுமன்று. வளைகுடாவின் உயிரினங்களுக்கே ஒரு பெரிய பதிவேடு.

சிப்பிகள் ஏன் மறைகின்றன? பெரிய பாரே விடை சொன்னது. மார்ச்சில் அங்கே குஞ்சுச் சிப்பிகள் கணக்கற்றுக் கிடந்தன. ஹெர்ட்மன் ஊர் திரும்பிய பின், நவம்பரில் ஹார்னெல் போய்ப் பார்த்தபோது பார் வெறுமையாக இருந்தது! தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து நீரோட்டம் அவற்றை வாரிச் சென்றிருக்க வேண்டும். எனவே, குஞ்சுகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்ற வேண்டும் என்பது ஹெர்ட்மனின் யோசனை.

சிப்பிக்கு வேறு பகைகளும் உண்டு. கிளாத்தி மீனும் திருக்கையும் ஓட்டை நொறுக்கித் தின்பவை. ஆனால் இந்தத் திருக்கையிடந்தான் ஹெர்ட்மன் முத்தின் மூலத்தைக் கண்டதாக நினைத்தார். சிப்பியின் உடலில் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் தென்பட்டது. அதன் முதிர்பருவம் திருக்கையின் குடலில் வாழ்கிறது என்றும், சிப்பிக்குள் மடிந்த புழுவைச் சுற்றியே முத்து வளர்கிறது என்றும் கூறினார். அப்படியானால் திருக்கையை ஒழித்தால் முத்தும் ஒழியும்! அழகான கதைதான். எனினும், லிஸ்டர் ஜேம்சன் என்ற ஆய்வாளர் முத்துகளை அறுத்துச் சோதித்து, 1912இல் இதை மறுத்தார். பெரும்பாலான முத்துகளின் நடுவில் புழுவே இல்லை.

இதற்குள் பணம் கடலில் இறங்கிவிட்டது. 1905 சலாபத்தில் அரசுக்கு 25 லட்சம் ரூபாய் கிடைத்தது. அந்த நம்பிக்கையில் ஒரு கம்பெனி 1906இல் இருபது ஆண்டுக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு பார்கள் வறண்டன, கம்பெனியும் மூழ்கியது. ஹெர்ட்மனின் ஆராய்ச்சியில் குறை சொல்வதைவிட, ஓரிரு நல்ல ஆண்டுகளை வைத்து இருபது ஆண்டுகளை எடைபோட்டவர்களையே குறை சொல்ல வேண்டும்.

புழு இல்லையென்றால், முத்தைச் செய்வது எது? சிப்பியின் ஓட்டுக்கு உட்புறம் படிந்திருக்கும் மெல்லிய போர்வைத் திசு. ஓட்டுக்குப் பளபளப்பு தருவது அதுவே. அதன் செல்கள் சில இடம் பெயர்ந்து உடலின் உள்ளே சிக்கினால், பை போலாகி, தம் வேலையை அங்கேயும் தொடர்கின்றன. பையினுள் படலம் படலமாகப் படிவதே முத்து.

தூத்துக்குடிக் கடலில் 1961க்குப் பிறகு சலாபம் நடக்கவில்லை. 1973 ஜூலையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி, அதே தூத்துக்குடியில், ஒரு சிப்பியின் போர்வைத் துணுக்கையும் சிறு மணியையும் வேறொரு சிப்பியினுள் வைத்து, இந்தியாவின் முதல் உருண்டையான வளர்ப்பு முத்தை எடுத்தார். அதற்குத் திருக்கையும் தேவைப்படவில்லை, புழுவும் தேவைப்படவில்லை.