617.5 கிகாஹெர்ட்ஸ்: பெயரற்றிருந்த ஒரு நிறமாலைக் கோடு

2009 மே 14 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரூவிலிருந்து ஏவப்பட்ட ஹெர்ஷல் விண்தொலைநோக்கியின் வரலாறு பெரும்பாலும் அதன் 3.5 மீட்டர் ஆடியை மையமாக வைத்தே எழுதப்படுகிறது. ஆனால் கருவிகளின் வரலாற்றை அறிய விரும்புவோர்க்கு அதன் நிறமாலைமானிகள் பதிவு செய்த ஒரேயொரு கோடு கூடுதலாகக் கற்பிக்கும். 617.5 கிகாஹெர்ட்ஸில் தோன்றிய அக்கோடு எந்த மூலக்கூறுக்கு உரியது என்பது சில காலம் புலப்படவில்லை.

அதன் அலைநீளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. அருகிலேயே, 620.7 கிகாஹெர்ட்ஸில், நீராவியின் வலிய கோடு ஒன்று உள்ளது. ஆகவே தரையிலிருந்து பார்ப்போர்க்கு இப்பகுதி ஏறத்தாழ மூடிய கதவு. ஹெர்ஷலோ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், திரவ ஹீலியத்தின் குளிர்ச்சியில் இயங்கியது. அதிலிருந்த ஹைஃபை, வானொலிப் பெட்டியைப் போல, வரும் அலையைத் தானே உண்டாக்கும் அலையுடன் கலந்து அதிர்வெண்ணை மிக நுண்ணியதாகப் பகுத்தது. ஸ்பைரின் உணரிகள் 0.3 கெல்வின் வரை குளிர்விக்கப்பட்டவை. படமெடுக்கும் பகுதியோடு ஒரு ஃபூரியே நிறமாலைமானியும் அதில் இருந்தது. 194 முதல் 671 மைக்ரோமீட்டர் வரை ஒரே வீச்சில் பதிவு செய்யும், ஆனால் நுட்பம் குறைந்தது.

நுட்பம் மிகுந்த கருவியே புதிரை விடுவிக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது வேறு. தனுசு பி2 முதலிய ஒளிமூலங்களின் திசையில் ஹைஃபை அக்கோட்டை உட்கவர் கோடாகத் தெளிவாகவே கண்டது, பெயர்தான் கிடைக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் மைக்கேல் பார்லோ குழுவினர் நண்டு நெபுலாவை ஸ்பைரால் ஆராய்ந்தபோது 617.5, 1234.6 கிகாஹெர்ட்ஸ் ஆகிய இரு இடங்களில் உமிழ்வுக் கோடுகள் தென்பட்டன. இரண்டாவது முதலாவதின் இருமடங்கை ஒட்டியது. சுழலும் எளிய ஈரணு மூலக்கூறின் அடையாளம் அது. அகன்ற பார்வையே இங்கு கைகொடுத்தது.

அந்த மூலக்கூறு ஆர்கானும் ஹைட்ரஜனும் இணைந்த அயனி. 1894இல் ராலேயும் ராம்சேயும் கண்டறிந்த அவ்வாயுவுக்குச் சோம்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டிருந்தனர். (அப்பெயர் சற்று அவசரமானது என்றே இப்போது தோன்றுகிறது.) ஆயினும் ஆய்வகம் நன்கறிந்த ஆர்கானின் கணக்கு இக்கோட்டுக்குப் பொருந்தாது. பூமியின் வளியில் உள்ள ஆர்கானில் 99.6 விழுக்காடு ஆர்கான்-40. பாறைகளிலுள்ள பொட்டாசியம்-40 சிதைவதால் விளைந்தது. அதன் அயனி தரும் கோடு 615.9 கிகாஹெர்ட்ஸில் விழும். வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதை இயக்கத்தால் விளக்க வேண்டுமெனில் மேகங்கள் விநாடிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் விரைய வேண்டும். விண்மீன்களின் உள்ளே உருவாகும் ஆர்கானில் மிகுதியாக இருப்பதோ 36. அதன் அயனிக்குரிய இடம் 617.5. நமது காற்று ஒரு விதிவிலக்கு. அதை அளவுகோலாகக் கொண்டவர்க்குக் கோடு பெயரற்றே நின்றிருக்கும்.

1054இல் சீன வானியலாளர் பதிவு செய்த வெடிப்பின் எச்சத்தில் கிடைத்த இம்முடிவு, விண்வெளியில் மந்த வாயு ஒன்றின் மூலக்கூறு கண்டறியப்பட்ட முதல் நிகழ்வு. 2013 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழ் அதை வெளியிட்டபோது ஹெர்ஷல் ஓய்ந்திருந்தது. ஏப்ரல் 29 அன்றே அதன் ஹீலியம் தீர்ந்துவிட்டது. சேமிப்பில் இருந்த ஹைஃபை பதிவுகள் அதன்பின் புதிய பொருள் பெற்றன. 2014இல் கொலோன் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஷில்கேயும் உடன் ஆய்வாளரும் அந்த உட்கவர் கோடும் இதே அயனியுடையது என நிறுவினர். மூலக்கூறு ஹைட்ரஜன் இவ்வயனியை அழித்துவிடும். எனவே அது தென்படும் இடத்து வாயு ஏறத்தாழ முழுவதும் தனி அணுக்களாகவே இருக்க வேண்டும். மேகங்களின் அந்நிலையைச் சுட்டும் அடையாளமாக அது பயன்படலாயிற்று.

மறுஆண்டு, சிலியின் ஆல்மா தொலைநோக்கி வரிசை தொலைவிலுள்ள ஒரு விண்மீன்மண்டலத்தில் இதே அயனியைக் கண்டது. அண்டத்தின் விரிவால் கோடு ஏறத்தாழ 327 கிகாஹெர்ட்ஸுக்கு இறங்கி, தரையிலிருந்து காணக்கூடிய சாளரத்துக்குள் வந்திருந்தது. ஆர்கான்-36 உடன் 38இன் தடமும் அங்கே கிடைத்தது.