குண்டின் அடிப்பக்கம்

துப்பாக்கிக் குண்டில் எந்தப் பக்கம் முக்கியம் என்று கேட்டால் எல்லாரும் கூர்முனையைத்தான் காட்டுவார்கள். நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். 1909-இல் வெளிவந்த ஒரு அமெரிக்க டாக்டரின் புத்தகத்தைத் தேடிப் போனபோதுதான் விஷயம் தலைகீழ்னு தெரிஞ்சது.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். பேச்சில் எல்லாத்தையும் 'தோட்டா'ன்னு சொல்லிடறோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, கேப்பு, மருந்து, குண்டு நாலும் சேர்ந்தது. பறந்து போவது குண்டு மட்டும்தான். அமெரிக்க வேட்டைக்காரர்களில் பலர் இந்த நாலையும் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே தோட்டா அடைக்கிறார்கள். குண்டுகளைத் தராசில் நிறுத்து, ஒரே எடை உள்ளவற்றைத் தனியாகப் பிரிப்பார்கள். கணக்கு கிரெயினில். 7000 கிரெயின் ஒரு பவுண்டு. நம்ம தட்டாருடைய குன்றிமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின்.

டாக்டரின் பெயர் ஃபிராங்க்ளின் மேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டுக்காரர். படித்தது மருத்துவம், விற்றது கோழித்தீவனத்துக்கு எலும்பு வெட்டும் இயந்திரம், மனசு முழுக்க ரைஃபிள். அவரை வாட்டிய கேள்வி ரொம்ப எளிமையானது. அதே துப்பாக்கி, அதே மருந்து, அதே ஆள். ஆனாலும் பத்துக் குண்டுகள் ஏன் பத்து இடத்தில் விழுகின்றன?

ஆளின் கை நடுங்குகிறதோ? கையையே விலக்கிவிட்டார். கான்கிரீட் தூண் ஒன்று கட்டி, அதன்மேல் 'வி' வடிவத் தாங்கியில் குழாயை மட்டும் வைத்துச் சுட்டார். வழி நெடுக மெல்லிய காகிதத் திரைகளைக் கட்டி, குண்டு எந்த இடத்தில் எவ்வளவு விலகுகிறது என்று ஓட்டைகளை அளந்தார். அப்படியும் சிதறல் போகவில்லை. மிச்சமிருந்த சந்தேகம் குண்டின் மேல்தான்.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடிச்சது. வேண்டுமென்றே குண்டுகளைக் கெடுத்தார். முனையைச் சிதைத்துச் சுட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சாய்வாக்கினாலோ குண்டு எங்கோ போய் விழுந்தது. காரணம் குழாயின் வாயில் இருக்கிறது. குண்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருக்கும் வாயு பீறிடுகிறது. அடி சமமாக இல்லையென்றால் அது ஒரு பக்கத்தில் முந்திக்கொண்டு குண்டைத் தள்ளிவிடும்.

இன்னொரு வில்லன், எடை மையம். குழாயின் உள்வரிகள் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். குண்டின் எடை மையம் நடு அச்சிலிருந்து ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு விலகியிருந்தால், வெளியே வந்ததும் கவண்கல் மாதிரி பக்கவாட்டில் கழன்று போகும். 100 கஜத்தில் விலகல் சுமார் இரண்டேகால் அங்குலம். 300 கஜத்தில் ஏழு அங்குலத்தை நெருங்கும். எந்தத் திசையில் என்பது, வெளியேறும்போது கனமான பக்கம் எங்கே இருந்தது என்பதைப் பொறுத்தது. காகித இலக்கில் அது வெறும் மார்க் நஷ்டம். உயிருள்ள மானில் இதயம், நுரையீரல் உள்ள பகுதி சுமார் எட்டு அங்குலம்தான். நடுவைக் குறிபார்த்த குண்டு ஏழு அங்குலம் தள்ளிப் போனால் வயிற்றில் படலாம். அந்த மான் உடனே சாகாது, புதருக்குள் ஓடி மணிக்கணக்கில் கிடந்து சாகும்.

இந்தக் கோளாறு தராசுக்குப் பிடிபடாது. செம்பு உறை ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தாலும் மொத்த எடை சரியாகவே காட்டும். அதனால்தான் விவரமானவர்கள் எடையோடு நிற்காமல் உறையின் சுவர்த் தடிமனையும் பார்க்கிறார்கள். எடை மட்டும் பார்த்துத் திருப்திப்படுவது, என் பார்வையில், பாதிக் கிணறுதான்.

வேட்டையில் சிக்கல் இன்னொரு சுற்று கூடும். காகிதத்தைத் துளைப்பதோடு குண்டின் வேலை முடிவதில்லை. 1946-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நோஸ்லர் ஒரு மூஸ் மானைச் சுட்டார். உடம்பெல்லாம் சேறு காய்ந்த மிருகம். குண்டுகள் மேலேயே சிதைந்து உள்ளே போகவில்லை. ஊர் திரும்பியவர் உறையின் நடுவில் ஒரு தடுப்புச்சுவர் விட்டு இருபக்கமும் ஈயம் வைத்தார். முன்பாதி விரியும், பின்பாதி கலையாமல் துளைத்துப் போகும். 1948-இல் அது 'பார்ட்டிஷன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆனால் உள்ளே பாகங்கள் கூடக்கூட, எல்லாவற்றையும் ஒரே அச்சில் உட்காரவைப்பது கஷ்டமாகிறது. போட்டிக்கான குண்டும் வேட்டைக்கான குண்டும் தனித்தனி வழியில் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

முனை கொஞ்சம் நசுங்கியிருந்தால் அந்தக் குண்டை ஒதுக்கிவைப்பவர்கள் இன்றும் உண்டு. 1916-இல் காலமான டாக்டர் மேன் பக்கத்தில் இருந்திருந்தால், அதை வாங்கித் திருப்பிப் பிடித்து அடியைத்தான் பார்த்திருப்பார்.